தளத்தை மூடாதை மச்சான்

முள்ளியவளை

அன்பின் மச்சான்,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருப்பியள். வயல், மழை, விலைவாசி எல்லாம் பேந்து எழுதுறன். நேற்று ராத்திரி நீ அனுப்பின வொய்ஸைக் கேட்டு நித்திரை போச்சுது. அங்க பிரிட்டனில வந்த இணையச் சட்டத்துக்குப் பயந்து, நீ நடத்துற எங்கட ஊர் இணையத்தளத்தை மாத முடிவோட மூடப்போறன் எண்டு சொல்லிப்போட்டு, மூக்கன்ர ஆடு குட்டி போட்டுதோ எண்டும் கேக்கிறாய். போட்டது, ரெண்டு. உனக்கென்ன விசரே?

கோபத்தில உந்தச் சட்டத்தைத் தேடி வாசிச்சன். போட்டோக்கொப்பி அடிக்கிறவனுக்குச் சட்டம் விளங்குமோ எண்டு சிரிப்பாய், சிரி. பிரிட்டன்ர இணையப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல வந்தது. சட்டவிரோதமான பதிவுகளைப் பற்றின பகுதி 2025 மார்ச் 17 இலயிருந்து நடைமுறையில. ஆக்கள் ஆளுக்காள் எழுதிக்கொள்ளுற தளமெண்டால், நடத்துறவன் கோடீஸ்வரனோ, உன்னைப்போல ராத்திரி வேலை முடிச்சு வந்து கண்ணைக் கசக்கிறவனோ, பயங்கரவாதம், ஆயுதம், போதைப்பொருள் எண்டு 17 வகைக்கும் ஆபத்து மதிப்பீடு எழுதி வைக்கோணும். தவறினால் 1 கோடியே 80 இலட்சம் பவுண், இல்லாட்டி உலக வருமானத்தில 10 சதவீதம், எது கூடவோ அதுவரைக்கும், சட்டத்தைக் கண்காணிக்கிற ஒஃப்கொம் எண்ட அமைப்பு தண்டம் போடலாம். உன்ர தளத்தின்ர உலக வருமானத்தில 10 சதவீதம் எவ்வளவெண்டு கணக்கு மாஸ்டரிட்டக் கேட்டால் மனுசன் பிரம்பைத்தான் எடுப்பார்.

சட்டம் வந்ததுக்கு நியாயம் இல்லையெண்டு நான் சொல்லமாட்டன். மொலி ரசல் எண்ட 14 வயசுப் பிள்ளை 2017 இல செத்ததில, அவள் இணையத்தில பார்த்த பதிவுகளுக்கும் பங்கிருக்கெண்டு 2022 மரண விசாரணையில சொன்னவை. பொம்பிளைப் பிள்ளையை வளர்க்கிற உனக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அவள் அதுகளைப் பார்த்தது உலகம் முழுக்கச் சனம் கிடக்கிற தளங்களில. வலை விரிச்சது சுறாவுக்கு, அம்பிடுறது நெத்தலி. அம்ஸ்டர் எலி வளர்க்கிறவையின்ர தளம் ஒண்டு உந்தச் சட்டத்தாலை அங்க மூடுப்பட்டதாம். எலிப்படம் பார்க்க வந்த சனம் இனி எங்க போகும்? ஆரைக் கட்டுப்படுத்தவெண்டு சட்டம் போட்டவையோ, அந்தப் பெரிய கொம்பனியளிட்டயேதான்.

நீ மூடினாலும் அதுதான். போன வருசம் போட்ட படத்தையே தேடி எடுக்கேலாத இடத்தில எங்கட ஊரைக் கொண்டுபோய்க் கொட்டுறது.

போன கிழமை தண்ணீரூற்றுப் பக்கமிருந்து ஒரு பிள்ளை கடைக்கு வந்தாள். தகப்பன்ர திவசத்துக்குப் படம் பிறேம் போடோணும், வீட்டில ஒரு படமும் இல்லை. 2009 இல ஓடின ஓட்டத்தில அல்பம் எந்தப் பங்கருக்க கிடந்து போச்சுதோ. உன்ர தளத்தில காட்டு விநாயகர் கோயில் உப்புத்தண்ணி விளக்குப் படம் ஒண்டு கிடக்கெல்லே, கனடாவிலயிருந்து ஆரோ அனுப்பினது? அதில வலப்பக்கம், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு கமராவைப் பார்க்காமல் நிக்கிற மனுசன்தான் அவளின்ர அப்பா. முகம் பெருவிரல் நகமளவு. பெருப்பிக்கப் பெருப்பிக்கப் புள்ளி புள்ளியாய் உடைஞ்சு போகுது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சு, ஒரு மாதிரிக் கண்ணும் மீசையும் தெரியுறளவுக்குக் கொண்டு வந்தன். "காணும் அண்ணை, இது அப்பாதான்" எண்டாள். காசு வாங்கேல்லை.

உன்ர உண்மையான பயம் அந்த 17 இல பயங்கரவாதம் எண்ட வகைதான் எண்டு எனக்குத் தெரியும். 2001 இலயிருந்து புலிகள் அங்க தடைசெய்யப்பட்ட இயக்கம். சீருடைப் படத்தைத் தவிர மகன்ர வேற படமில்லாத தாய், நினைவுநாளுக்கு அதை ஏத்திவிட்டால் அது துக்கமோ, ஆதரவோ? பெரிய கொம்பனியில அதைப் பார்க்கச் சட்டத்தரணியள் இருக்கினம். உன்ர பக்கத்தில நீயும் ஒரு கோப்பை பிளேன்ரீயும்.

இஞ்ச இலங்கையில மட்டும் என்ன வாழுது? 2024 சனவரி 24 இல 108 க்கு 62 வாக்கில, இணையத்தில எழுதுறதைக் கட்டுப்படுத்துற நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேத்தினவை. ஐஞ்சு பேர் கொண்ட ஆணைக்குழு. அவை எடுக்கச் சொன்னதை 24 மணித்தியாலத்துக்குள்ள எடுக்கோணும். தேசியப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தலான பொய்க்கூற்றெண்டால் 5 வருசம் வரை மறியல், நாட்டுக்கு வெளியில இருக்கிறவனுக்கும் சேர்த்துத்தான். முள்ளிவாய்க்காலில எத்தினை பேர் செத்தவை எண்டதே தீராத வழக்காய்க் கிடக்கிற நாட்டில எது பொய்யெண்டு ஐஞ்சு பேர் சொல்லுவினமாம். செய்தியில என்ர பெயரைப் போடாதை எண்டு நான் சொன்னது உதுக்குத்தான். நீ வெக்கமெண்டு பகிடி விட்டாய்.

நான் சொல்லுறதைக் கேள். ஆக்கள் தங்களுக்குள்ள கதைக்கிற பகுதியை மட்டும் பூட்டு. தளம் நடத்துறவன் தான் போட்ட பதிவுக்குக் கீழ வாசகர் கருத்து எழுதுறதோட நிண்டால், அந்தக் கடமையளுக்கு அங்கத்தைச் சட்டத்திலயே விலக்கு இருக்கு. மரண அறிவித்தலை நீ போடு, கண்ணீர் அஞ்சலியைக் கீழ எழுதட்டும். படங்களை உனக்கு அனுப்பட்டும், நீ பார்த்துப் போடு. பொறுப்பு முழுக்க உன்ர தலையில விழும், அது தெரியும். ஒருக்கால் அங்க ஒரு சட்டத்தரணியிட்டயும் காட்டு. சின்னவனுக்கும் அவன்ர மச்சினனுக்கும் அரசியல் சண்டை பிடிக்க இடமில்லாமல் போகும், ஊருக்கு அது பெரிய நட்டமில்லை.

மூக்கன்ர மருமகன் ஆடியில வாறானாம். தளத்தில இருக்கிற படம் முழுக்க ஒரு ஹார்ட் டிஸ்கில ஏத்தி அவனிட்டக் குடுத்துவிடு, ஒரு பிரதி என்ர கடையிலயும் கிடக்கட்டும். சொக்லேற் அனுப்பாதை. போனமுறை வந்தது கட்டுநாயக்காவிலயே உருகிப் போச்சு.

இப்படிக்கு,
கறுவல்