அது புகைப்படம் இல்லை, ஓவியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விண்வெளிக் கட்டுரையோடு ஒரு சுருள் விண்மீன் திரளின் படத்தை முழுப்பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். அச்சு அருமையாக வந்திருந்தது. ஆனால் படத்தின் கீழே 'நமது பால்வெளியின் புகைப்படம்' என்று இருந்தது. அது ராபர்ட் ஹர்ட் என்ற ஓவியர் கணினியில் உருவாக்கிய ஓவியம். நாசாவின் ஸ்பிட்சர் தொலைநோக்கி தந்த தரவுகளை வைத்து வரைந்து, 2008-இல் வெளியிட்டார்கள். அவர் பெயரையும் எங்கும் காணோம்.

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் என்பதால், சின்னத் தவறுதானே என்று இதை விட எனக்கு மனம் வரவில்லை. பால்வெளி நாமே உள்ளே இருக்கும் விண்மீன் திரள். அதை வெளியே போய்ப் படம் எடுக்க யாராலும் முடியாது. 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஒரே ஒரு ஒளியாண்டை, அதாவது ஒளி ஓராண்டில் போகும் தூரத்தை, கடக்க 17,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பால்வெளியின் குறுக்களவோ சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. அது முழுவதும் ஒரே படத்தில் அடங்க, எத்தனை ஆயிரம் ஒளியாண்டு மேலே போக வேண்டும்!

அப்படியானால், படத்தில் மையத்திலிருந்து சுருண்டு நீளும் அந்தக் கரங்கள் இருப்பது எப்படித் தெரிந்தது? தெருவை விட்டு நகராமல், மொட்டை மாடிக்குக்கூட ஏறாமல், ஊர் முழுவதற்கும் வரைபடம் போடுவது மாதிரியான வேலை அது. நடுவில் தூசி வேறு மறைக்கிறது. ஆனால் ஹைட்ரஜன் வெளியிடும் 21 செ.மீ. ரேடியோ அலை தூசியை ஊடுருவி வரும். 1951-இல் அதை முதன்முதலாகப் பிடித்தார்கள். வாயு மேகம் நம்மை நோக்கி வந்தால் அலைநீளம் கொஞ்சம் குறையும், விலகிப் போனால் கூடும். இதைக் கொண்டு எந்த மேகம் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டு, அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே கரங்களை வரையத் தொடங்கிவிட்டார்கள். பிற்பாடு ஸ்பிட்சர் அகச்சிவப்புக் கதிரில் பார்த்தது.

அந்தக் கரங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்தால் காற்றாடியின் இறக்கை மாதிரி அவை அப்படியே சுழல்வதாகத் தோன்றும். சூரியன் மையத்தைச் சுற்றிவர ஏறக்குறைய 23 கோடி ஆண்டு ஆகிறது. பிறந்ததிலிருந்து சுமார் 20 சுற்று வந்திருக்கும். மையத்துக்கு இன்னும் அருகே இருக்கும் விண்மீன்கள் இன்னும் சீக்கிரம் சுற்றி வந்துவிடும். கரங்கள் நிலையான பொருளாக இருந்திருந்தால் எப்போதோ இறுகச் சுருண்டு காணாமல் போயிருக்கும். 1964-இல் லின், ஷூ என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேரைச் சுற்றி எப்போதும் நெரிசல்தான், ஆனால் நெரிசலில் நிற்கும் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். வேகமாக நடந்து வருகிறவர் அங்கே கொஞ்சம் தடைப்பட்டு, அப்புறம் தாண்டிப் போய்விடுவார். நெரிசல் மட்டும் தேரோடு மெல்ல நகரும். கரம் என்பது அந்த நெரிசல்தான். எல்லாச் சுருள் திரள்களுக்கும் இது பொருந்துமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

வாயு நெருக்குண்டு அங்கே புது விண்மீன்கள் பிறக்கின்றன. மிகச் சூடானவை நீலமாக எரிந்து, கரத்தை விட்டு வெளியே வருமுன்பே பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. ஓவியர் கரங்களுக்கு நீலமும் மையத்துக்கு மஞ்சளும் கொடுத்தது இதனால்தான். மையத்தில் இருப்பவை பெரும்பாலும் வயதான விண்மீன்கள்.

அந்த 2008 ஓவியம் பெரிய கரங்கள் இரண்டுதான் என்றது. 2013 இறுதியில், இளம் பெருவிண்மீன்களை ஆராய்ந்தவர்கள் நான்கு என்றார்கள். முதியவற்றை எண்ணினால் இரண்டு, இளையவற்றை எண்ணினால் நான்கு என்று இரண்டும் சரியாக இருக்கலாம். ஓவியம் என்று போட்டால், இதை யார், எதை வைத்து வரைந்தார் என்று ஒரு மாணவி கேட்பாள். புகைப்படம் என்று போட்டால் அந்தக் கேள்வியே எழாது.

1845-இல் அயர்லாந்தில் ரோஸ் பிரபு ஆறடி அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியில் பார்த்து, மெஸ்ஸியே 51 என்ற விண்மீன் திரளின் சுருளைக் கையால்தான் வரைந்தார். சுருள் வடிவம் உலகத்துக்குத் தெரியவந்ததே ஓர் ஓவியத்தால்தான்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். ஓவியர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். இடம் இருந்தால் படத்தையே மறுபடி வெளியிட்டு, மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி, ஓரியன் கிளை என்ற சிறு கரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்து 'சூரியன்' என்று குறித்துவிடுங்கள். வகுப்பறைச் சுவரில் ஒட்டக் காத்திருக்கிறேன்.

தங்கள் வாசகி,
கும்பகோணம்