தடிமனை அளந்து வாங்கினால் தரம் எப்படி உயரும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கண்ணாடி இழையும் ரெசினும் (இழைகளைப் பிணைத்து இறுகும் பிசின்) சேர்ந்த எஃப்.ஆர்.பி. பொருட்களைக் கையால் பூசிச் செய்வதை விட்டு, வேக்கம் இன்ஃப்யூஷன் முறைக்கு, அதாவது இழையைப் பையால் மூடி, பம்ப்பால் காற்றை உறிஞ்சி, ரெசினை உள்ளே இழுக்கும் முறைக்கு மாற வேண்டும் என்று பலரும் வலியுறுத்துகிறார்கள். சரியான யோசனைதான். ஆனால் குறுக்கே நிற்பது பம்ப்பின் விலை மட்டுமல்ல, வாங்குபவர் கையில் இருக்கும் அளவுகோலும்தான். கொள்முதல் ஒப்பந்தங்களில் தடிமன் இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுகிறார்கள். அதற்குள் இழை எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 3 கிலோ நெய்த கண்ணாடி இழை. கையால் ரோலர் உருட்டிச் செய்தால் எடையில் சுமார் 45 சதவீதம் இழை, ரெசின் 3.7 கிலோ, தடிமன் 4.2 மி.மீ. அதே இழையை வேக்கத்தில் அழுத்தி ரெசினை உள்ளே இழுத்தால் இழை 65 சதவீதத்தை எட்டும், ரெசின் 1.6 கிலோ, தடிமன் 2.5 மி.மீ. இழுவிசையைத் தாங்கும் இழை இரண்டிலும் ஒன்றுதான். அளவுகோலை வைத்தால் இரண்டாவது தகடு தோற்றுவிடும். ரெசினைக் கூடுதலாகக் கொட்டியவருக்கே ஆர்டர்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வளைவை எதிர்க்கும் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். இழை அடர்ந்ததால் கிடைக்கும் ஆதாயத்தைச் சேர்த்தாலும், 2.5 மி.மீ. தகட்டின் விறைப்பு பழையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே பழைய அடுக்கு வரிசையை அப்படியே புதிய முறைக்குக் கொண்டுபோகக் கூடாது. இழையை இரண்டாகப் பிரித்து, நடுவில் பி.வி.சி. நுரைப் பலகை வைத்தால் விறைப்பு பல மடங்கு ஏறும். வடிவமைப்பை மாற்றாமல் முறையை மட்டும் மாற்றிவிட்டு, "பொருள் ஆடுகிறது" என்று இன்ஃப்யூஷனைக் குறை சொல்வது நியாயமில்லை.

பட்டறையில் வேலை கெடுவது பெரும்பாலும் ரெசின் குழாயைத் திறப்பதற்கு முன்பே. பையை ஒட்டி முழு வேக்கம் இழுத்ததும், பம்ப் பக்கக் குழாயைக் கிளிப் போட்டு அடைத்துவிட்டு 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் பையின் அழுத்தம் முன்பிருந்ததைவிட 10 மில்லிபாருக்கு மேல் கூடினால் ரெசினைத் தொடவே கூடாது. கசிவு பெரும்பாலும் சீலன்ட் டேப் மூலைகளிலும் குழாய் நுழையும் இடத்திலும் இருக்கும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது கேஜ் நன்றாகக் காட்டுகிறதே என்று திருப்திப்படுவது வீண்; பெரிய பம்ப் சிறு கசிவை மறைத்துவிடும். உள்ளே போகும் காற்று, குமிழ்களாகத் தகட்டில் தங்கும். இந்தக் குமிழ்களால் வரும் காலியிடம் 1 சதவீதம் கூடினால் அடுக்குகளுக்கிடையிலான வலிமை சுமார் 7 சதவீதம் குறையும்.

அடுத்தது ஓட்டம். ரெசின் போக வேண்டிய தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். நீளமான பொருளுக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுப்பதைவிட, நடுவில் நீளவாக்கில் ஸ்பைரல் குழாய் போட்டு இருபுறமும் ஓடவிடுவது நல்லது. இழை ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் ரெசின் அந்த வழியே முந்திக்கொண்டு ஓடி, நடுவில் வறண்ட திட்டு விட்டுப்போகும். ஓரங்களை நெருக்கமாக வெட்டி அடுக்குவது சலிப்பான வேலை. ஆனால் அதற்கு மாற்று இல்லை.

ஜெல் நேரம், அதாவது கலந்த ரெசின் கெட்டியாகத் தொடங்கும்வரை ஆகும் நேரம், நிரம்பும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். நேரம் போதவில்லை என்று பாலியெஸ்டர் ரெசினில் எம்.இ.கே.பி. (இறுகுவதைத் தொடங்கிவைக்கும் திரவம்) அளவை 1 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் ரெசின் முழுதாக இறுகாது. இறுகுவதைத் தள்ளிப்போடும் தாமதிப்பான் சேர்ப்பதே வழி. எபாக்சி என்ற மற்றொரு வகை ரெசினில், அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கூட்டிக் குறைக்கவே கூடாது, எடை விகிதம் சொன்னபடி இருக்க வேண்டும். பாலியெஸ்டரில் பழகிய கை இங்கேதான் தவறும். நிரம்பிய பிறகு பாலியெஸ்டருக்கு வேக்கத்தைச் சற்றுத் தளர்த்த வேண்டும்: 30 டிகிரியில் அழுத்தம் 10 மில்லிபாரை நெருங்கினால் அந்த ரெசினில் கலந்திருக்கும் ஸ்டைரின் என்ற திரவம் பைக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கும்.

கொள்முதல் செய்வோருக்கு ஒரு கோரிக்கை. ஒப்பந்தத்தில் தடிமனோடு இழையின் எடைச் சதவீதத்தையும் எழுதுங்கள். கண்ணாடி இழைத் தகட்டில் ஒரு துண்டை வெட்டி எடை போட்டு, 565 டிகிரி உலையில் ரெசின் முழுதும் எரியும்வரை வைத்து, மிஞ்சியதை மறுபடி எடை போட்டால் விடை கிடைத்துவிடும். ரெசினில் சுண்ணாம்புத் தூள் கலந்திருந்தால் அதுவும் மிஞ்சி, இழையாகக் கணக்கில் ஏறும். ஆகவே நீர்த்த அமிலத்தில் கழுவி, உலர்த்திய பிறகே இழையை எடை போட வேண்டும். கார்பன் இழைக்கு இந்தச் சோதனை ஆகாது, இழையும் எரிந்துவிடும். துண்டை எங்கே வெட்டுவது என்பதை உற்பத்தியாளரிடம் விடாதீர்கள். ரெசின் நுழைந்த இடத்தில் ஒன்று, கடைசியாக நிரம்பிய இடத்தில் ஒன்று என இரண்டு துண்டுகள் கேளுங்கள். முதலாவதில் ரெசின் மிகுந்திருக்கும், இரண்டாவதில் குமிழ்கள் மிகுந்திருக்கும்.

இப்படிக்கு,
கூட்டுப்பொருள் உற்பத்தித் துறையைச் சேர்ந்த வாசகர்கள்