தடமறியும் வசதியின் உண்மையான விலை எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயங்குதளங்களில் புதிதாகச் சேர்க்கப்பட்டுவரும் தடமறியும் வசதிகள் வீண் சுமை என்றும், அவற்றை நீக்கிவிட்டுத் தொகுக்கப்பட்ட இயங்குதளங்களே சிறு நிறுவனங்களுக்கு ஏற்றவை என்றும் வாதிடும் கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழில் அண்மையில் படித்தேன். கிருஷ்ணகிரி, பர்கூர், ஓசூர் வட்டாரத்துச் சிறு ஆலைகளின் சர்வர்களைப் பராமரிப்பதைத் தொழிலாகக் கொண்டிருப்பவன் என்ற முறையில், அந்த முடிவு தவறானது என்றும், எங்களைப் போன்றவர்களின் கையில் இருக்கும் ஒரே கண்ணையும் அது பிடுங்கிவிடும் என்றும் உறுதியாகக் கருதுகிறேன்.

ஒரு நிரல் எந்தக் கோப்பைத் திறக்கிறது, வட்டிலிருந்து பதில் வர எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலின் எந்தப் பகுதியில் பொழுதைக் கழிக்கிறது என்பவற்றை, ஓடிக்கொண்டிருக்கும் கணினியை நிறுத்தாமலேயே பார்க்க உதவுவதுதான் தடமறியும் வசதி. இது இருந்தாலே வேகம் குறையும் என்பது கட்டுரையாளரின் முதன்மையான அச்சம். அந்த அச்சத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் எஃப்டிரேஸ் என்ற தடமறியும் கருவிக்காகக் கெர்னலின் ஏறக்குறைய ஒவ்வொரு செயற்கூறின் (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல்பகுதியின்) தொடக்கத்திலும் ஓர் அழைப்பு செருகப்படுகிறது. அந்த அழைப்பு எதுவும் செய்யாமல் திரும்பிவந்தால்கூட ஏறக்குறைய 13 விழுக்காடு வேகம் குறைவதை அதை உருவாக்கிய ஸ்டீவன் ரோஸ்டெட் அளந்து சொன்னார். அதனால்தான் அதை அப்படியே விட்டுவிடவில்லை. கணினி தொடங்கும்போதே அந்த அழைப்புகள் அனைத்தும் செயலி எதுவும் செய்யாமல் கடந்துபோகும் வெற்றுக் கட்டளைகளாக மாற்றி எழுதப்படுகின்றன. நாம் கேட்கும்போது மட்டும், கேட்ட செயற்கூறுகளில் மட்டும், அவை மீண்டும் அழைப்புகளாகின்றன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005இல் தன் சோலாரிஸ் 10 இயங்குதளத்துடன் வெளியிட்ட டிடிரேஸ் என்ற தடமறியும் கருவியும், பயன்படுத்தாதபோது எந்தச் சுமையும் இருக்கக் கூடாது என்பதையே முதல் விதியாகக் கொண்டு எழுதப்பட்டது.

ஓடும் கெர்னலின் கட்டளைகளையே மாற்றி எழுதுவது ஆபத்தில்லாத வேலை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2008இல் லினக்ஸ் 2.6.27இன் சோதனைப் பதிப்புகளில், இன்டெல் நிறுவனத்தின் ஒருவகைப் பிணைய அட்டைகளில் பதிந்திருந்த தகவல் அழிந்து, அட்டைகளே பயனற்றுப்போயின. பழி முதலில் அட்டையின் இயக்கி நிரல்மீது விழுந்தது. இறுதியில் குற்றவாளி எஃப்டிரேஸ் எனத் தெரியவந்தது: ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவக முகவரியில் அது எழுதப்போய், அப்போது அதே முகவரியில் அமைந்திருந்த அட்டையின் நினைவகத்தைக் கெடுத்திருந்தது. அதன்பின், மாற்ற வேண்டிய இடங்களின் பட்டியலைக் கெர்னலைத் தொகுக்கும்போதே தயாரித்துக்கொள்ளும் முறை வந்தது. கட்டுரையாளர் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட்டதற்குப் பதிலாக இந்த நிகழ்வைச் சுட்டியிருந்தால் அவர் வாதம் வலுவாக இருந்திருக்கும்.

வசதியை முடுக்கியபின் ஏற்படும் சுமை வேறு கணக்கு. ஒவ்வொரு நினைவக ஒதுக்கீட்டையும் பதிவுசெய் என்று கேட்டால் கணினி திணறத்தான் செய்யும். வட்டுக்குப் போகும் கோரிக்கைகளை மட்டும் அளந்து கெர்னலுக்குள்ளேயே கூட்டித்தா என்று கேட்டால் வேலை செய்பவருக்கு வேறுபாடே தெரியாது. 2014இல் தொடங்கி லினக்ஸில் வளர்ந்த, கெர்னலுக்குள்ளேயே சிறு நிரல்களை ஓடவிடும் இபிபிஎஃப் என்ற வசதி, தடமறிதலில் இந்த இரண்டாவது வகைக் கேள்விகளுக்குப் பெரிதும் பயன்படுகிறது. இது இல்லாத இடத்தில் நாங்கள் எஸ்டிரேஸ் என்ற பழைய கருவியை நாடுகிறோம். அது நிரல் கெர்னலை அழைக்கும் ஒவ்வொரு முறையும், உள்ளே நுழையும்போது ஒன்றும் வெளியே வரும்போது ஒன்றுமாக இருமுறை நிரலை நிறுத்திவைக்கிறது. வேலை நேரத்தில் ஒரு தரவுத்தளத்தின்மீது அதை ஏவ யாருக்கும் துணிவு வராது. ஆக, புதிய வசதியை நீக்கியதால் மிச்சமாகும் என்று சொல்லப்படும் வேகம், சிக்கல் வரும் நாளில் பன்மடங்காகப் பறிபோகிறது.

பயனுக்கு வருகிறேன். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி திடீர் திடீரெனத் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. முன்னுரிமை குறைந்த பணி ஒன்று பிடித்துவைத்திருந்த பூட்டுக்காக (ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே பொதுவளத்தைத் தொடவிடும் ஏற்பாட்டுக்காக) முன்னுரிமை மிகுந்த பணி காத்துக்கிடந்ததே காரணம் என்பதை, பூமியில் இருந்த அதேபோன்ற கலத்தில் தடப்பதிவு வசதியை இயக்கித்தான் பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த வசதி விண்ணுக்குப் போன மென்பொருளிலும் நீக்கப்படாமல் இருந்தது. பறக்கவிடுவதையே சோதிக்க வேண்டும், சோதித்ததையே பறக்கவிட வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவழித்தவர்களே அதைச் சுமையாகக் கருதவில்லை. டிடிரேஸை உருவாக்கியவர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலும் இதற்கு இணையான ஒரு சான்று உண்டு. ஏறக்குறைய 170 பேர் பகிர்ந்து பயன்படுத்திய பெரிய சர்வர் ஒன்றின் மந்தத்துக்குக் காரணம், திரையோரத்தில் பங்கு விலையை ஓடவிட்டுக்கொண்டிருந்த ஒரு சின்னஞ்சிறு நிரல். செயலியின் பயன்பாட்டைக் காட்டும் வழக்கமான அட்டவணைகளைப் பார்த்து அதன்மீது எவரும் ஐயப்பட்டிருக்க முடியாது.

எங்கள் ஊரில் இதன் தேவை இன்னும் கூடுதல். மாம்பழப் பருவத்தில் பெங்களூரா ரகக் காய்களை ஏற்றிய வண்டிகள் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் வரிசைகட்டி நிற்கும். ஓர் ஆலையில் எடை மேடையின் சீட்டு அச்சாவதற்குள் கணினி உறைந்து நின்றதால் வண்டிகள் சாலைவரை தேங்கின. மென்பொருளை விற்றவர்கள் புதிய சர்வர் வாங்கச் சொன்னார்கள். நான் வட்டுக் கோரிக்கைகளின் காத்திருப்பு நேரத்தைத் தடமறிந்து பார்த்தபோது, கண்காணிப்புக் கேமராவின் பதிவுகளை நகலெடுக்கும் நிரல் அதே வட்டில் ஓயாமல் எழுதிக்கொண்டிருப்பதும், ஒவ்வொரு எடைச்சீட்டும் அதன்பின்னால் காத்திருப்பதும் தெரிந்தன. நகலெடுப்பை வேறு வட்டுக்கு மாற்றியதோடு சிக்கல் தீர்ந்தது. பெங்களூரிலிருந்து வல்லுநரை வரவழைக்க வசதியுள்ள நிறுவனத்துக்கு இந்தக் கருவி ஒரு கூடுதல் வசதி மட்டுமே. அந்த வசதியில்லாத ஆலைக்கோ, விற்பனையாளர் சொல்வதைச் சரிபார்க்க இதைவிட்டால் வேறு வழி இல்லை.

தடமறியும் வசதிக்கு விலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்டுரையாளர் அதைத் தவறான இடத்தில் தேடுகிறார் என்கிறேன். பெரும் விலை, கெர்னலை எழுதுவோர் கொடுக்க நேரும் வாக்குறுதியில் இருக்கிறது. கெர்னலில் தடமறிவதற்கென வைக்கப்படும் இடமான தடப்புள்ளி ஒன்று வெளியே தெரிந்துவிட்டால் அதை நம்பி வேறு நிரல்கள் எழுதப்படுகின்றன. பிறகு அதை மாற்ற முடிவதில்லை. 2011இல் லினக்ஸிலிருந்து ஒட்டுமொத்தக் கெர்னலுக்குமான பழைய பெரும்பூட்டு நீக்கப்பட்டபோது, அதைச் சார்ந்த ஒரு தகவலும் தடப்பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்டது. மின்செலவைக் கணக்கிடும் பவர்டாப் என்ற நிரல் பதிவின் பழைய வடிவத்தையே நம்பியிருந்ததால் பழுதானது. பயன்பாட்டில் உள்ள நிரலை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உறுதியாக நின்றதால், எடுத்த தகவலின் இடத்தில் வெற்றிடம் ஒன்றை மீண்டும் வைக்க வேண்டியதாயிற்று. பொருளற்றுப்போன ஒன்றை வடிவத்துக்காகச் சுமப்பது உண்மையான செலவு. கோப்பமைப்பு அடுக்கைப் பராமரிப்பவர்கள் தங்கள் பகுதியில் தடப்புள்ளிகளை அனுமதிக்க நெடுங்காலம் தயங்கியதற்கும் இதுவே காரணம். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன்.

இந்த வசதிகள் பாதுகாப்பைக் குலைக்கும் என்ற கட்டுரையாளரின் எச்சரிக்கையில் பாதி சரி. 2018இல் செயலிகளில் இருந்த ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைபாட்டை மெய்ப்பித்துக் காட்டிய கூகுள் ஆய்வாளர்கள் இபிபிஎஃப்பைப் பயன்படுத்தினார்கள். ஏற்றப்படும் நிரல் ஆபத்தில்லாததா என்று பார்க்கும் அதன் சரிபார்ப்பு நிரலிலும் பின்னர்ப் பிழைகள் கண்டறியப்பட்டன. அதற்குத் தீர்வு உரிமையைக் கட்டுப்படுத்துவதே தவிர, வசதியை வெட்டியெறிவது அன்று. சாதாரணப் பயனர்கள் இபிபிஎஃப் நிரல்களை ஏற்ற முடியாதபடி இன்று பல லினக்ஸ் வெளியீடுகள் இயல்பாகவே தடுத்துவைத்திருக்கின்றன. 2020இல் வந்த 5.8 பதிப்பு முதல், முழு நிருவாகி உரிமை தராமல் இதற்கெனத் தனி உரிமை வழங்கவும் முடிகிறது. மறுபுறம், 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளில் பதுக்கப்பட்டிருந்த கள்ளவாசல் பிடிபட்டது எப்படி? தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், பெர்ஃப் என்ற லினக்ஸ் தடமறியும் கருவியைக் கொண்டு அந்த நேரம் எங்கே போகிறது என்று தேடியதால்தான். உலகெங்கும் சர்வர்களில் பரவ இருந்த கேட்டைக் காட்டிக்கொடுத்த கருவியைப் பாதுகாப்பின் பெயரால் நீக்கச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் உடனே செய்யக்கூடியவை உண்டு. சர்வரோ, ஆலைக்கான தொழில்துறைக் கணினியோ வாங்கும் நிறுவனங்கள், அதனுடன் வரும் கெர்னலில் தடமறியும் வசதிகள் நீக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதையும், அவற்றை இயக்கும் உரிமை வாங்குபவரிடமே இருக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவாங்க வேண்டும். பர்கூரிலும் தருமபுரி செட்டிக்கரையிலும் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரிகள் இயங்குதளப் பாடத்தின் செய்முறை வகுப்பில் எஃப்டிரேஸையும் பெர்ஃபையும் மாணவர்களின் கையில் கொடுக்க வேண்டும். இரண்டும் கட்டணமற்றவை; ஆய்வகத்தில் லினக்ஸ் ஓடும் எந்தப் பழைய கணினியும் போதும்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பாளர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.