தடைக்கு முடிவுத் தேதி குறியுங்கள்

ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் பதினைந்து உறுப்பு நாடுகளுக்கு,

வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். சென்ற வாரம் ஐ.நா. சாசனத்தின் 41-வது பிரிவைப் பாடமாக எடுத்தேன். படை அனுப்பாமல், வணிகத்தையும் போக்குவரத்தையும் முடக்கி ஒரு நாட்டைப் பணியவைக்க உங்களுக்கு அதிகாரம் தரும் பிரிவு அது. ஒன்பது வாக்குகள் வேண்டும், நிரந்தர உறுப்பினர் ஐவரில் எவரும் வீட்டோ என்னும் மறுப்பு வாக்கைப் போடக் கூடாது என்று கரும்பலகையில் எழுதினேன். “தடையை நீக்க எத்தனை வாக்கு, ஐயா?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள். அதே ஒன்பதுதான், அதே வீட்டோதான் என்றேன். “அப்படியானால் ஒரே ஒரு நாடு பிடிவாதம் பிடித்தால் தடை நீங்கவே நீங்காதா?”

தேதி குறிக்காமல் போட்ட தடை என்றால் நீங்காதுதான். இராக்கில் அதைப் பார்த்தோம்.

1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் உசேனின் படை குவைத்துக்குள் புகுந்தது. நான்கே நாளில், இராக் மீது வணிகத் தடை விதிக்கும் 661-வது தீர்மானத்தை நிறைவேற்றினீர்கள். அது சரியான முடிவு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 1991 பிப்ரவரியில் குவைத் விடுபட்ட பிறகும் தடை நீங்கவில்லை. ஆயுத ஒழிப்பு என்று நிபந்தனை மாறியது. வணிகத் தடை நீங்கியது 2003 மே மாதத்தில், சதாமின் ஆட்சியே விழுந்த பிறகு.

இடைப்பட்ட ஆண்டுகளில் அரண்மனையில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. சம்பளம் செல்லாக்காசாகிப் போன பாக்தாத்தின் படித்தவர்கள், முத்தனப்பி தெருவில் தங்கள் புத்தகங்களைத் தரையில் பரப்பி விற்றார்கள். ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்கள். ஓர் ஆசிரியனாக என்னால் அந்தக் காட்சியைக் கடந்துபோக முடியவில்லை. குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரின்கூட, ஆயுதத்துக்கு உதவலாம் என்ற சந்தேகப் பட்டியலில் இருந்தது. தடையைக் கண்காணிக்க நீங்கள் அமைத்த குழு மூடிய கதவுகளுக்குள் கூடியது. ஒரு நாடு ஆட்சேபித்தாலே சரக்கு நின்றுவிடும். இராக்கில் உங்கள் மனிதாபிமானப் பணிகளை ஒருங்கிணைத்த டெனிஸ் ஹாலிடே 1998-இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000-இலும் பொறுக்க முடியாமல் பதவி விலகினார்கள்.

2022-இல் 2664-வது தீர்மானத்தின் மூலம் மனிதாபிமான உதவிகளுக்குச் சொத்து முடக்கத்திலிருந்து விலக்கு அளித்தீர்கள். நன்றி. ஆயினும் வட கொரியா மீது 2006-இல் தொடங்கிய தடைகளுக்கு இன்னும் முடிவுத் தேதி இல்லை.

ஒவ்வொரு தடைக்கும் ஓராண்டு ஆயுள் வையுங்கள். நீட்டிக்க விரும்பும் நாடு, எல்லோரும் கேட்கும்படி காரணம் சொல்லி வாக்குத் திரட்டட்டும். வேண்டிய தடையை வீட்டோ கவிழ்த்துவிடும் ஆபத்து இதில் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலி மீதான தடை, அதை நீட்டிக்கும் தீர்மானத்துக்கு ரஷ்யா போட்ட வீட்டோவால்தான் 2023-இல் முடிந்தது. இராக் மக்கள் கொடுத்த விலையை எண்ணும்போது, அந்த ஆபத்தை ஏற்கலாம் என்றே கருதுகிறேன். அடுத்த தடைத் தீர்மானத்தின் வரைவு உங்கள் மேசைக்கு வரும்போது, முடிவுத் தேதி எங்கே என்று உங்களில் ஒருவராவது கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசியல் அறிவியல் ஆசிரியர்