நம் கடை இட்லி மாவைப் பற்றி ஒரு மடல்

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் நம் கடைக்கு வந்துபோகும் அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு வாரமாகப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. நாங்கள் விற்பதெல்லாம் பதப்படுத்திய உணவாம், உடம்புக்கு ஆகாதாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாவுப் பை உப்பியிருப்பதைக் காட்டி, "மருந்து போட்டுப் பொங்கவைக்கிறார்கள்" என்று சொன்னதுதான் மனத்தைச் சுட்டது. பேசியவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் நாங்கள்தான் மாவு ஆட்டிக் கொடுத்தோம். சரி, போகட்டும்.

நம் மாவில் புழுங்கலரிசி, உளுந்து, கொஞ்சம் வெந்தயம், உப்பு. அவ்வளவுதான். அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்கள் மாவைப் புளிக்கவைக்கும்போது கரியமில வாயு வரும். அதனால்தான் இட்லி மெத்தென்று இருக்கிறது, பையும் உப்புகிறது. நம் ஊர் வெயிலில் மதியம் வாங்கி மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனால் வீடு சேர்வதற்குள் பலூன்தான்! வாங்கியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். லயத்து வீட்டில் என் பாட்டி பானையில் கரைத்து வைத்த மாவும் இப்படித்தான் பொங்கி வழியும். அவரை யாரும் மருந்து போட்டதாகச் சொன்னதில்லை.

பதப்படுத்துவது என்று பார்த்தால் நெல்லை அவித்துக் காயவைப்பதும் அதுதான். தயிர், கருவாடு, மோர் மிளகாய் எல்லாமே அந்தக் கணக்கில் வரும். பிரேசில் நாட்டுப் பேராசிரியர் கார்லோஸ் மொந்தேய்ரோ குழுவினர் உணவை நான்கு வகையாகப் பிரித்தார்கள். அதற்கு 'நோவா' என்று பெயர். அவர்கள் எச்சரிப்பது நான்காவது வகையை: வீட்டு அடுப்படியில் இல்லாத சுவையூட்டி, நிறமூட்டி, எண்ணெயும் நீரும் பிரியாமல் வைக்கும் கூழ்மமாக்கி எல்லாம் சேர்த்துத் தொழிற்சாலையில் செய்வது. 2019இல் அமெரிக்காவில் 20 பேருக்கு அந்த வகை உணவை இரண்டு வாரமும், அதிகம் பதப்படுத்தாத உணவை இரண்டு வாரமும் கொடுத்துப் பார்த்தார்கள். சீனி, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனாலும் நான்காம் வகை உணவு கொடுத்தபோது நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

நம் உறைபெட்டியில் இருக்கும் சோசேஜும் நக்கெட்டும் அந்த நான்காம் வகைதான், மறுக்கவில்லை. பிள்ளைகள் கேட்கிறார்கள், வைக்கிறோம். அதற்காக மாவையும் அந்த வகையில் தள்ளிவிடாதீர்கள். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் இட்லியையும் எண்ணித்தான் சாப்பிட வேண்டும், அது வேறு கதை.

இந்தப் பேச்சுக்கு நடுவிலும் வழக்கம்போல் வந்து, "ரெண்டு பை கொடுங்க அண்ணே" என்று கேட்டவர்களை மறக்க மாட்டோம். மிக்க நன்றி.

அப்புறம், எலுமிச்சை ஊறுகாயில் தீபாவளியிலிருந்து கெடாமல் காக்கும் சோடியம் பென்சோவேட் சிறிது சேர்க்கிறோம், போத்தலில் அச்சிட்டிருக்கிறது. மாவு பைக்கு 50 காசு கூடியிருக்கிறது.

அன்புடன்,
கடைக்காரர்