நீலாங்கரைல இருந்து பெசன்ட் நகர், மண்ணு வழியாவே

டேய் கண்ணா,

நீ இங்கிலாந்துல இருந்து அனுப்பின போட்டோ எல்லாம் பார்த்தேன். பச்சைப் பசேல்னு வயக்காடு, நடுவுல ஒத்தையடிப் பாதை, வேலியத் தாண்ட மரத்துல ரெண்டு படி, பக்கத்து ஊருக்கு ரோட்டுப் பக்கமே போகாம நடந்தே போயிட்டோம்னு நீயும் அவளும் சேறு பூட்ஸோட சிரிச்சுட்டு நிக்கறீங்க. அடுத்தவன் வயலுக்குள்ள நடந்து போக அங்க சட்டத்துலயே உரிமை இருக்குன்னு நீ சொன்னியே, அத கீழ் வீட்டு ஆன்ட்டிகிட்ட சொன்னேன். "இங்க நம்ம தெரு பிளாட்பாரத்துலயே நடக்க வழியில்ல, எல்லாம் பைக்கு"ன்னாங்க. அப்படியே பேச்சு வளர்ந்து நாங்க ரெண்டு பேரும் ஒரு காரியம் பண்ணிட்டோம், திட்டாத. போன ஞாயித்துக்கிழமை நீலாங்கரைல இறங்கி பெசன்ட் நகர் வரைக்கும் கடற்கரை மண்ணுலயே நடந்துட்டோம். 7 கிலோமீட்டர்.

இந்த வழி உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீ செகண்ட் இயர்ல கம்பைன்ட் ஸ்டடின்னு சொல்லிட்டுப் போய் விடிகாலைல வந்தியே, மறுநாள் வாஷிங் மெஷின்ல ஒரு கை மணல் கிடந்துச்சு, அப்புறம்தான் ராத்திரி பூரா ஆமை பார்க்கப் போனேன்னு ஒத்துக்கிட்ட. நான் என்ன கத்து கத்தினேன். கையில ஒரு டார்ச் கூட இல்லாம நடுராத்திரி குப்பத்துப் பக்கம் என்னடா வேலைன்னு கேட்டேன். உங்க அப்பா பேப்பர தலைகீழா பிடிச்சுட்டு உக்காந்திருந்தாரு, அப்பவே எனக்கு சந்தேகம்தான்.

சரி விஷயத்துக்கு வரேன். அஞ்சரை மணிக்கு ஆரம்பிச்சோம், நல்ல இருட்டு. ஈசிஆர்ல நடக்கறதுன்னா உசுர கையில பிடிச்சுட்டுதான் போகணும், ரோட அகலப்படுத்தறேன்னு எப்பப் பாரு தோண்டி வச்சிருக்காங்க, ஆனா அதுக்கு ரெண்டு தெரு தள்ளி கிழக்கால போனா ஒரு ஹாரன் சத்தம் கிடையாது, அலை மட்டும்தான், இத்தனை வருஷமா இங்க இருந்துட்டு நான் இத ஒரு வழியாவே நினைச்சதில்ல, ஞாயித்துக்கிழமை சுண்டல் வாங்கித் தின்ன வர்ற இடம் அவ்வளவுதான்.

நடக்கறதுல ஒரு டெக்னிக் இருக்கு, நீ சொல்லவே இல்ல. மேல காஞ்ச மணல்ல நடந்தா ரெண்டு அடி வச்சா ஒரு அடி பின்னால இழுக்குது, பத்து நிமிஷத்துல கெண்டைக்கால் பிடிச்சுக்கும். அலை வந்து நனைச்சுட்டுப் போன இடம் சிமென்ட் தரை மாதிரி கெட்டியா இருக்கு, அதுலயே போகணும். ஆனா அங்க கரை சரிவு. வடக்க பார்த்து போறதால கடல் வலது பக்கம், வலது கால் பள்ளத்துல, இடது கால் மேட்டுல, பாலவாக்கம் தாண்டறதுக்குள்ள என் இடது முட்டி வேலைய காட்டிடுச்சு. ஆன்ட்டிதான் சொன்னாங்க, கொஞ்ச தூரம் திரும்பி தெற்க பார்த்து நடந்துட்டு வாங்க, கால் மாறிக்கும்னு. சிரிக்காத, வேலை செஞ்சுது. தண்ணி வத்தற நேரம் பார்த்து கிளம்பினா அந்தக் கெட்டி மண்ணு அகலமா கிடைக்குது, பௌர்ணமி அமாவாசைய ஒட்டின நாள்ல ஏத்தமும் ஜாஸ்தி வத்தலும் ஜாஸ்தி, இது ஒரு மீன்காரம்மா சொல்லிக் குடுத்தது.

ஒரு இடத்துல பங்களா சுவரு கிட்டத்தட்ட தண்ணி வரைக்கும் வந்திருக்கு. வாட்ச்மேன் வந்து இந்தப் பக்கம் வராதீங்கன்னான். "கடலும் உங்க ஓனருதுதானா?"ன்னு ஆன்ட்டி கேட்டாங்க பாரு, அவன் பேசாம உள்ள போயிட்டான். பாவம் அவன் என்ன பண்ணுவான், சம்பளத்துக்கு நிக்கறான்.

கொட்டிவாக்கம் குப்பம் கிட்ட வெளிச்சம் வந்துச்சு. ஃபைபர் போட்டெல்லாம் ஏத்தி விட்டிருக்காங்க, வலைய தாண்டாம சுத்திப் போகணும், மிதிச்சா திட்டு விழும். அங்கதான் பார்த்தேன்டா. தண்ணில இருந்து மேட்டுக்கு ஒரு ஆமைத் தடம், அப்படியே டிராக்டர் டயர் போன மாதிரி, ரெண்டு பக்கமும் துடுப்பு வச்சு தள்ளின குழி, நடுவுல வயிறு இழுபட்ட வழவழப்பு. மேல ராவணன் மீசை புல்லு கிட்ட மண்ணு கிளறி இருந்துச்சு, அங்க இருந்து இன்னொரு தடம் திரும்பி கடலுக்கு. ராத்திரி கரையில நடந்து ஆமை முட்டைய பாதுகாக்கறாங்களே அந்த ஸ்டூடன்ட்ஸ், அவங்க முட்டைய ராத்திரியே எடுத்துட்டுப் போயிட்டாங்களாம், ஒரு குழில நூறு முட்டைக்கு மேலயே இருக்குமாம். குப்பத்து ஜனங்க பங்குனி ஆமைன்னு சொல்றாங்க. நான் அந்தத் தடத்து பக்கத்துல என் காலடிய வச்சுப் பார்த்தேன், அது ஒரு சாண் ரெண்டு சாண் இல்ல, நல்ல அகலம். எங்கயோ கடல்ல இருந்து வந்து, மண்ணு தோண்டி, பிள்ளைய வச்சுட்டு திரும்பிப் பார்க்காம போயிடுது. நான் ஏர்போர்ட்ல என்ன அழுகை அழுதேன், ம்ம்.

கொஞ்சம் தள்ளி ஒன்னு செத்தும் கிடந்துச்சு, காக்கா உக்காந்திருந்துச்சு. 2025 ஜனவரில நூத்துக்கணக்குல இப்படி ஒதுங்குச்சே, பேப்பர்ல கூட போட்டாங்களே. வலைல மாட்டிக்கிட்டா மூச்சு விட மேல வர முடியாதாம், மீன் மாதிரி இல்ல, அதுக்கு காத்து வேணும்.

திருவான்மியூர் தாண்டினா அஷ்டலட்சுமி கோயில் கோபுரம் தெரியும், அத பார்த்துட்டே நடந்தா தூரம் தெரியல. ஓடைக்குப்பம் கிட்ட மட்டும் முடியல, ஓடைத் தண்ணி கருப்பா கடலுக்குப் போயிட்டிருந்துச்சு, ஆன்ட்டி புடவைய தூக்கிட்டு இறங்கறேன்னாங்க, நான் விடல. ஊருக்குள்ள ஏறி ரோட்ல ஒரு பத்து நிமிஷம், கோயில் வாசல்ல ஒரு கும்பிடு, மறுபடி மண்ணு. மொத்த வழில ரோடு அவ்வளவுதான்.

பெசன்ட் நகர்ல ஷ்மிட் மண்டபத்து நிழல்ல உக்காந்துட்டோம். 1930ல யாரையோ காப்பாத்தப் போய் முழுகின டென்மார்க் ஆளுக்கு கட்டினதாம். முப்பது வருஷமா அது என்னன்னு கேட்டதே இல்ல நான். அப்புறம் ஆமை முட்டை புதைச்சு வச்சிருக்கற வேலிக்கு போனோம், குழிக்கு குழி குச்சி நட்டு தேதி எழுதி வச்சிருக்காங்க. அங்க இருந்த பொண்ணு சொல்லுச்சு, பொரிய 45, 50 நாள் ஆகுமாம், மண்ணு சூடு ஜாஸ்தின்னா பொண்ணு, கம்மின்னா பையன். 1988ல இருந்து இந்த ஸ்டூடன்ட்ஸ் குரூப் நடக்குதாம். உன்ன மாதிரி எத்தனை பேரோட அம்மா கத்தியிருப்பாங்களோ.

திரும்பி பிங்க் பஸ்ல வந்தோம், பொம்பளைங்களுக்கு காசு இல்ல. ரெண்டு நாள் முட்டிக்கு தைலம் தேய்ச்சேன், அத உன் தங்கச்சிகிட்ட சொல்லிடாத.

நீ மார்ச்ல வர்றல்ல, அப்போ குஞ்சு பொரிஞ்சு சாயங்காலம் கடல்ல விடுவாங்களாம். அது இருக்கட்டும், வெள்ளி சனி ராத்திரி வெளி ஆளுங்களையும் நடக்க கூட்டிட்டுப் போறாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு, என் பேரையும் உன் பேரையும் குடுக்கலாமான்னு இருக்கேன். போட்டோல உன் கூட நின்னாளே, அவளும் வரட்டும், பூட்ஸ் எல்லாம் வேண்டாம், வெறுங்காலுதான். டார்ச்சும் எடுத்துட்டு வராத. அடிக்கக் கூடாதாம்டா, வெளிச்சம் பட்டா ஆமை கரை ஏறாம திரும்பிடுமாம்.

அம்மா