பின்வரிசை அண்ணாவுக்கு நன்றி

போன வியாழன் கொழும்பில் தும்முல்லைப் பக்கம் ஓர் ஆய்வரங்கு. எனக்கு 15 நிமிடம். என் முறைக்கு முன் ஸ்லைடைத் திறந்தால், தமிழ் மேற்கோளெல்லாம் ஆங்கில எழுத்தாகக் கொட்டிக் கிடக்கிறது! பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது, அந்தக் கணினியில் பாமினி இல்லை. பிழை என்னுடையதுதான். கையெல்லாம் குளிர்ந்துவிட்டது.

பின்வரிசையில் கட்டம்போட்ட சேர்ட்டோடு இருந்த ஓர் அண்ணா எழும்பி வந்தார். "பதறாதேங்கோ தங்கச்சி, கொண்டாங்கோ." முந்தினவர் பேசி முடிப்பதற்குள் தன் லப்டொப்பில் எல்லாவற்றையும் கணினிகளுக்குப் பொதுவான யுனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கி, தன் பென்டிரைவிலேயே தந்தார். "இனி யுனிகோடிலேயே அடியுங்கோ" என்றார், அவ்வளவுதான். அப்புறம் தேநீர் இடைவேளையில் தேடினேன், ஆளைக் காணவில்லை.

மிக்க நன்றி அண்ணா. உங்கட நீலப் பென்டிரைவ் என் பையில்தான் கிடக்கிறது.